சோறு கொடுக்காத குஞ்சம்மாள்

ராசிபுரத்துக் குஞ்சம்மாள் பெற்ற மகளைப் பொய் சொல்லிக் கொன்றவள் என்று அவள் தெருவில் வெகுகாலம் பேச்சிருந்தது. பேசியவர்கள் நன்றாக இருக்கட்டும். நடந்தது இதுதான்.

புருஷன் தண்டாயுதபாணி பட்டுத்தறி நெய்தார். குஞ்சம்மாள் விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை ராட்டையில் நூல் சுற்றிக் கொடுத்தாள். ராட்டை நின்றால் தறியும் நின்றுவிடும். அதனால் கைக்குழந்தை அழும்போதெல்லாம் துணியில் வெல்லத்தை முடிந்து அதன் வாயில் வைத்துவிடுவாள். அந்தத் தெருவில் எல்லாத் தாய்மாரும் செய்ததுதான். மகள் வசந்தாமணிக்கு நாலு வயது முடிவதற்குள் பல்லெல்லாம் கறுத்துச் சொத்தையாகிவிட்டது.

"பால் பல்லுதானே, உழுந்து மொளைச்சுக்கும்" என்றாள் பக்கத்து வீட்டு மயிலம்மாள். விழவில்லை. கன்னம் வீங்கிச் சீழ் வைத்தது. கூழைத் தவிர எதுவும் இறங்காமல் பிள்ளை துரும்பாய் இளைத்தாள்.

சேலத்தில் ஒரு டாக்டர் மயக்க மருந்து கொடுத்துப் பல் பிடுங்குகிறார் என்று கேள்விப்பட்டுப் பஸ் ஏறினார்கள். டாக்டர் பார்த்துவிட்டு ஏழு பல்லை எடுக்க வேண்டும் என்றார். அவருடைய கம்பவுண்டர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். "வியாழக்கிழமை காலையில அழைச்சுண்டு வாங்கோ. குழந்தைக்குச் சோறு மட்டும் கொடுத்துடப்படாது" என்றார்.

அவருக்கு வயிற்றுக்குள் போவதெல்லாம் சோறு. குஞ்சம்மாள் வீட்டில் சோறு என்றால் நெல்லுச்சோறு, அது நோம்பி, பண்டிகை நாளில்தான். மற்ற நாளெல்லாம் ராகிக்களி, ராகிக்கூழ். 'ஒன்றுமே கொடுக்காதே' என்று சொல்லியிருந்தால் அந்த மனுஷனுக்கு என்ன குறைந்திருக்கும்!

வியாழக்கிழமை காலையில் பிள்ளை பசியென்று அழுதது. "சோறா குடுக்கறோம்? கூழுதானுங்க" என்று புருஷனிடம் சொல்லிவிட்டு, மோர் விட்டுக் கரைத்து வயிறு நிறையக் கொடுத்தாள். சேலத்தில் கம்பவுண்டர் கேட்டார்: "சோறு கொடுத்தியா?"

"இல்லீங்க சாமி."

சொன்னபடி கேட்டோம் என்ற தெம்பில் பளிச்சென்று சொன்னாள்.

நாலாவது பல் வரும்போது, மயக்கத்தில் கிடந்த பிள்ளைக்கு வாந்தி வந்தது. கூழ் மூச்சுக்குழலில் போய் அடைத்துக்கொண்டது. டாக்டர் தலைகீழாகப் பிடித்துத் தட்டினார், என்னென்னவோ செய்தார். மூச்சுத் திரும்பவில்லை.

கம்பவுண்டர் வெளியே ஓடிவந்து கத்தினார். "சோறு கொடுக்கலேன்னு பொய் சொன்னியே, பாவி!"

"சோறு குடுக்கலீங்க சாமி. கூழுதானுங்க குடுத்தேன்."

கம்பவுண்டர் கத்தியதுதான் ஊர் வந்து சேர்ந்தது. குஞ்சம்மாளின் பதில் வரவில்லை.

சாயங்காலம் பிள்ளையைக் கிடத்தியிருந்தார்கள். வாய்க்கரிசி போட வேண்டும். மயிலம்மாள் அடுப்படியில் பானை பானையாகத் துழாவிப் பார்த்துவிட்டு வந்து கேட்டாள்: "அரிசிய எங்க வெச்சிருக்கற?"

"எங்கூட்ல ஏது அக்கா அரிசி?"

மயிலம்மாள் நாலு வீடு ஏறி இறங்கி ஒரு பிடி வாங்கி வந்தாள். குஞ்சம்மாள் மகளின் வாயைத் திறந்து, பல் பிடுங்கிய இடத்து ரத்தத்தை முந்தானையால் துடைத்துவிட்டு, அந்த அரிசியைப் போட்டாள்.