வீட்டுப் பக்கம்

போன வாரம் ஒரு மின்னஞ்சல் வந்தது. பத்து வருஷத்துக்கு முன்னால் எனக்கு இணையத்தில் இலவசமாக இடம் கொடுத்த நிறுவனம் கடையை மூடுகிறதாம். வேண்டியதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார்கள். கடவுச்சொல் மறந்திருந்தால் நன்றாயிருக்கும் என்று நினைத்தேன். விரல்களுக்கு ஞாபகம் இருந்தது.

பக்கம் திறந்தது. தமிழ் வரவேண்டிய இடமெல்லாம் புள்ளி வைத்த, கொம்பு முளைத்த அந்நிய எழுத்துகள். அப்போதெல்லாம் அப்படித்தான், உங்களுக்கும் நினைவிருக்கலாம். எழுதியவர் எந்த எழுத்துருவில் எழுதினாரோ அதையே படிப்பவரும் தம் கணினியில் இறக்கி நிறுவ வேண்டும். இல்லாவிட்டால் கிறுக்கல்தான் தெரியும். அதற்காகப் பக்கத்தின் உச்சியில், எழுத்துருவை நிறுவுவது எப்படி என்று ஆங்கிலத்தில் ஐந்து படிகள் போட்டிருந்தேன். அந்த ஐந்து படிகள் மேல் எனக்கு அவ்வளவு பெருமை. யார் செய்தாலும் தப்பாது.

தொண்ணூறுகளின் கடைசியில், சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தொடங்கிய பக்கம் அது. வலைப்பதிவு என்ற சொல்லெல்லாம் இன்னும் வரவில்லை. 'ஹோம் பேஜ்' என்பதை நானே தமிழாக்கி 'வீட்டுப் பக்கம்' என்று பெயர் வைத்தேன். எதை எழுதினாலும் பட்டியலாகத்தான் வரும் எனக்கு. லிஃப்டில் கண்ட ஏழு வகை மௌனங்கள். அலுவலகத்தில் என் பெயரைச் சொல்லும் ஆறு விதங்கள். ஒரு நாளைக்கு நான்கு பேர் பார்த்தார்கள், என்னையும் சேர்த்து.

பிறகு அம்மாவை எழுதினேன். 'ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மா கேட்கும் பத்துக் கேள்விகள்.' முதல் கேள்வி, "ஏட்டி, என்ன செய்யுத?" ஐந்தாவது, "அங்கன ஆத்துல தண்ணி போகுதா?" குழாயைத் திறந்தால் கொட்டுகிற ஊரில் இருப்பவளிடம்! போதாததற்கு 'செய்யுத'வை இலக்கணப் பாடம் போலப் பிரித்துக் காட்டி, நாகரிகத் தமிழில் மொழிபெயர்ப்பும் கொடுத்திருந்தேன். டொராண்டோவிலிருந்தும் சிட்னியிலிருந்தும், பார்க்க வந்தவர்கள் கருத்து எழுதும் வருகையேட்டில் எழுதினார்கள், உங்கள் அம்மா பிரமாதம், இன்னும் போடுங்கள் என்று. போட்டேன். பத்துக் கேள்வி முப்பதாயிற்று. அம்மா கேட்காததையெல்லாம் கேட்கவைத்தேன்.

ஊரில் யார் படிக்கப் போகிறார்கள் என்ற தைரியம். எங்கள் டவுணில் ஏது எழுத்துரு?

அப்பாவிடம் மட்டும் ஒருமுறை, "வீட்டுப் பக்கம்னு ஒண்ணு போட்டிருக்கேன்ப்பா, கம்ப்யூட்டர்ல பாக்கலாம்" என்று சொல்லி, முகவரியையும் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். சும்மா பீற்றிக்கொள்ளத்தான். அம்மா அதை எப்படி எடுத்துக்கொண்டாள் என்பது பிறகுதான் தெரிந்தது. மகள் சிங்கப்பூரில் குடியிருக்கிற வீட்டுப் பக்கத்தை, அந்தத் தெருவை, எதிர்வீட்டை, கம்ப்யூட்டரில் பார்க்கலாம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். ரத வீதியில் இணைய மையம் ஒன்று வந்ததுமே சேலை மாற்றி, பூ வைத்து, அப்பாவையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

நடந்ததை அப்பா பின்னால் சொன்னார். கடைக்கார அண்ணாச்சி பக்கத்தைத் திறந்ததும் அம்மா திரைக்குக் கிட்டே குனிந்து, "எங்க அண்ணாச்சி, வீட்டையே காணோம்? ஒரே கோழி கிண்டுன மாதிரில்லா இருக்கு?" என்றாளாம்.

"எழுத்து இல்லக்கா, அதான். இருங்க, எழுத்த பைய எறக்குவோம். ஒங்க மகளே வெவரமாப் போட்டிருக்கால்லா!"

ஐந்து படிகள். ஐந்தும் பிசகவில்லை.

அம்மா கண்ணாடி கொண்டுபோகவில்லை. அப்பாதான் வாசித்திருக்கிறார். பக்கத்து நாற்காலிக்காரர்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாளாம், மூன்றாவது கேள்வி வரைக்கும். "நான் நிறுத்தியிருக்கணும்ட்டி," என்றார் அப்பா. "வாசிக்க வாசிக்க எனக்கும் சிரிப்பு வந்துட்டு."

அம்மா அண்ணாச்சியிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருக்கிறாள். "இத யாரெல்லாம் பாக்கலாம்?"

"உலகமே பாக்கலாம்க்கா!" சந்தோஷமாகச் சொன்னாராம், பாவம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் போன் செய்தேன். அப்போது எனக்கு எதுவும் தெரியாது. "நல்லா இருக்கியாம்மா? சாப்பிட்டியா? வேலையெல்லாம் எப்படிப் போயிட்டிருக்கு?" டிவி தொடரில் வருகிற சென்னை அம்மா பேசுவதுபோல இருந்தது.

"யாரு பேசுதது?" என்றேன் விளையாட்டாக.

"அம்மாதாம்மா," என்றாள்.

விஷயம் தெரிந்தபின் மன்னிப்புக் கேட்டேன். அதையும் ஒன்று, இரண்டு, மூன்று என்று காரணங்களோடுதான். "அதுக்கென்னம்மா, பரவாயில்ல" என்று போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டாள். அன்றே எல்லாவற்றையும் அழித்திருக்க வேண்டும். வருகையேட்டில் இருந்த பாராட்டுகளை விட மனசு வரவில்லை. முகப்பிலிருந்து அந்தப் பட்டியலுக்குப் போகும் இணைப்பை மட்டும் எடுத்தேன். அழித்துவிட்டதாக அவளிடம் சொன்னேன்.

இப்போது விடுமுறைக்கு டவுண் வீட்டுக்கு வந்திருக்கிறேன். என் ஐந்து படிகளை என் மடிக்கணினியிலேயே செய்து பார்த்தேன். முதல் படியிலேயே நின்றுவிட்டது. எழுத்துரு இருந்த தளமே இன்று இல்லை. கிறுக்கலைக் கிறுக்கலாகவே சேமித்துக்கொண்டேன். அம்மா என்னிடம் ஊர்ப்பேச்சில் பேசிக்கொண்டிருந்ததற்கு மிச்சமிருப்பது அது ஒன்றுதான். அதிலும் பாதி நான் இட்டுக்கட்டியது.

நேற்றுச் சாயங்காலம் அம்மா கொல்லைச் சுவரோரம் நின்று அடுத்த வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டாள். "ஏட்டி, என்ன செய்யுத? ஆத்துல தண்ணி போகுதாம்லா, காலைல குளிக்கப் போவமா?" நான் கதவுக்குப் பின்னால் அசையாமல் நின்றேன். நின்றும் கதவு கிரீச்சிட்டுவிட்டது. அம்மா திரும்பிப் பார்த்தாள்.

"காப்பி போடட்டுமாம்மா?" என்றாள்.