தனியா மிதந்த கேன்

தண்ணிக்குள்ள பாடுற ஹெட்போன் வாங்குன புதுசு. எழுமலைப் பக்கம் எங்க தோட்டத்துக் கிணத்துக்குக் கிளம்பிட்டேன். கூட வந்த கூட்டாளி சரவணனுக்கு நீச்சல் தெரியாது. அவன் முதுகுல காலி கேனக் கட்டிவிட்டேன்.

"மாப்ள, முடிச்சு லூசா இருக்குடா."

"கேனுக்கே உன்னயப் பிடிக்கல போல"ன்னு சிரிச்சுட்டு, பாட்டப் போட்டு நீந்துனேன்.

பாதிப் பாட்டுல திரும்புனா, கேன் மட்டும் மிதக்குது.

ஹெட்போனப் பிடுங்கி எறிஞ்சுட்டு முங்குனேன். கலங்கல்ல ஒண்ணுமே தெரியல. ரெண்டாவது முங்குலதான் கையில அவன் முடி சிக்குச்சு. படியில இழுத்துப் போட்டேன். இருமி இருமித் தண்ணியக் கக்குனான்.

"எம்புட்டுக் கத்துனேன்... கேக்கலையாடா?"

அவன் முதுகத் தட்டிவிட்டுட்டே இருந்தேன்.

இப்பவும் நான்தான் அவனுக்குக் கேன் கட்டுறேன். முடிச்ச மூணு தடவ இழுத்துப் பாப்பேன். "போதும் மாப்ள, மூச்சு முட்டுது"ன்னு அவன் கிண்டல் பண்ணுவான். எனக்குத்தான் சிரிப்பு வரமாட்டேங்குது.