மோதகம் தின்னாத நாய்

நீங்கள் பொய் சொன்னீர்கள், செக்ரட்டரி சார். சதுர்த்திப் பந்தலில் கணபதிக்கு வைத்திருந்த மோதகத்தை என் நாய் தின்றதைக் கண்ணால் பார்த்ததாக நிக்டியில் நம் காலனி முழுக்கச் சொல்லி வைத்தீர்கள். எட்டு நாளில் நாயை அப்புறப்படுத்தச் சொல்லி போர்டில் நோட்டீஸ் ஒட்டினீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீங்களும் தமிழர்தான். அதனால் தமிழிலேயே எழுதுகிறேன்.

கண் திறக்காத குட்டியாக என் ஸ்கூட்டருக்கு அடியில் கிடந்தவன் அவன். இங்க் ஃபில்லரில் பால் கொடுத்து வளர்த்தேன். மூன்று மாதம் ஆனபோது, எலிக்காக விஷம் தடவிப் போட்டிருந்த ரொட்டியைத் தின்றுவிட்டான். சாகணில் நான் வேலை செய்யும் ஃபேக்டரிக்கு லீவு சொல்லிவிட்டு மூன்று நாள் அவனை மடியில் போட்டுக்கொண்டு டாக்டரிடம் உட்கார்ந்திருந்தேன். பிழைத்தான். அன்றே முடிவு செய்தேன், நான் "சாப்பிடு" என்று சொல்லாமல் இவன் எதையும் தொடக் கூடாது. தட்டை வைப்பேன், பாய்வான், எடுத்துவிடுவேன். அவனும் கத்தினான், நானும் கத்தினேன். இரண்டு மாதம் பிடித்தது. அதற்கப்புறம் ஒரு வேளைகூட அவன் தவறியதில்லை.

அதனால்தான் நோட்டீஸ் ஒட்டிய அன்று மாலை, ஆரத்தி முடிந்து எல்லாரும் பந்தலில் இருந்தபோது அவனை அழைத்து வந்தேன். கடையில் வாங்கிய மோதகங்களைத் தட்டில் போட்டு அவன் மூக்குக்கு நேரே வைத்தேன். எச்சில் நூலாக ஒழுகியது. அசையவில்லை. எதிர்வீட்டு மராத்தி அம்மா, "கா ரே பாளா, கா" என்று தின்னச் சொல்லிக் கொஞ்சினார். அசையவில்லை.

நீங்கள் சிரித்தீர்கள்.

"அவனுக்குத் தமிழ்தாம்மா புரியும். இப்பப் பாரு." குனிந்து, "சாப்பிடுடா கண்ணா" என்றீர்கள்.

அவன் உங்கள் பக்கம் திரும்பவே இல்லை. என் முகத்தையே பார்த்தான்.

"என்ன சார், மதிக்க மாட்டேங்கறானே?"

"நீ கண்ணைக் காட்டுறேம்மா."

"சரி, நான் திரும்பி நின்னுக்கறேன். நல்லாக் கெஞ்சிப் பாருங்க."

கெஞ்சினீர்கள். ஒரு மோதகத்தை எடுத்து வாயருகே நீட்டினீர்களாம், அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டானாம். பந்தலே சிரித்தது. நான் திரும்பாமலே "சாப்பிடு" என்றேன். தட்டு உருண்ட சத்தம்தான் எனக்குக் கேட்டது. அப்புறம் கைதட்டல். கிழவர்கள்கூட விசில் அடித்தார்கள். கூச்சமில்லாமல் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு பந்தலை ஒரு சுற்றுச் சுற்றினேன். முப்பது கிலோ இருப்பான். கனக்கவே இல்லை. அவனை இனி யாரும் எங்கேயும் அனுப்ப முடியாது.

மறுநாள் காலை நோட்டீஸைச் சத்தமில்லாமல் கிழித்துவிட்டீர்கள். அது போதாது. பழியை எல்லாருக்கும் கேட்கத்தானே போட்டீர்கள்? வருகிற ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, மராத்தியில், அத்தனை பேருக்கும் புரிகிற மாதிரி பதில் சொல்லுங்கள். பார்க்காததைப் பார்த்தேன் என்று ஏன் சொன்னீர்கள்?