கிடார்க்காரர் விரல், டிரம்ஸ்காரர் கட்டைவிரல்

கைக்குத் தெரபி கொடுக்கிறவளிடம் யாரும் நல்ல கையோடு வருவதில்லை. இதைப் படிக்கிற உங்களில் பலர் ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு, நடுவில் அந்த மணிக்கட்டையே உதறிவிட்டுக்கொள்வீர்கள் என்று எனக்குத் தெரியும். நீங்களும் ஒருநாள் என் மேஜைக்கு எதிரில் வந்து உட்காரப் போகிறவர்கள்தான். எங்கள் கிளினிக் சான் ரமோனில் இருக்கிறது. காலையில் பக்கத்து ஆபீஸ்களிலிருந்து கீபோர்டு தட்டித் தட்டிக் கை மரத்துப்போன நம் ஆட்கள் வருவார்கள். மதியத்துக்கு மேல் இந்த ஊர் அமெரிக்கப் பெரியவர்கள். அவர்களில் முக்கால்வாசி ஆண்கள் பேச்சுவாக்கில், "அறுபதுகள்ல நான் ஒரு ராக் பேண்டுல இருந்தேன்" என்று ஆரம்பிப்பார்கள். முதலில் நம்பவில்லை. பிறகுதான் தெரிந்தது, அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் கார் ஷெட்டுக்கு ஒரு பேண்டு இருந்திருக்கிறது. பேர் வாங்கியவர்கள் கொஞ்சம் பேர். மிச்சப் பேருடைய கைகள்தான் என்னிடம் வருகின்றன.

பேர்களை மாற்றியிருக்கிறேன். அவர்கள் பேசிய இங்கிலீஷை என் காதில் விழுந்த தமிழில் சொல்கிறேன்.

பேண்டின் பேர்

கேரிக்கு எழுபத்தெட்டு வயது. இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளங்கைக்குள் சுருண்டு போய், ஆபரேஷன் செய்து பிரித்துவிட்டிருந்தார்கள். அதை மறுபடி சுருளவிடாமல் நீட்டி வைப்பது என் வேலை. அந்த இரண்டு விரலையும் வைத்துத்தான் ஒரு காலத்தில் அவர் கிடார் கம்பிகளை அழுத்தியிருக்கிறார். முதல் நாளே போனில் ஒரு பழைய போட்டோ காட்டினார். ஊதா பெயிண்ட் அடித்த ரொட்டிக்கடை வேன். அதன் மேல் தோள் வரை முடி வளர்த்த ஐந்து பையன்கள்.

பேண்டின் பேரைச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பழமும் ஒரு கிழமையும் சேர்ந்த பேர். அவர்கள் பேண்டு கலைந்து பத்து வருஷம் கழித்துத் திருச்சியில் பிறந்தவள் நான். அவர் மனம் நோகக்கூடாதே என்று, "எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கு" என்றேன். கேரி போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டார். "பொய் சொல்லாதீங்க, செல்வி. அப்பவே எங்களை யாருக்கும் தெரியாது."

சட்டைப் பொத்தான்

ஒவ்வொரு நோயாளிக்கும் சிகிச்சையின் நோக்கம் என்ன என்று இன்ஷூரன்ஸுக்கு எழுதி அனுப்ப வேண்டும். கேரியின் நோக்கம் ஒன்றே ஒன்றுதான். அந்த பேண்டில் பாடியவர் குளிர்காலத்தில் இறந்துவிட்டார். ஏப்ரலில் ஒரு பார்க்கில் நினைவுக் கூட்டம் வைத்திருந்தார் அவருடைய மகள். அதில் இரண்டு பாட்டு வாசிப்பதாகக் கேரி வாக்குக் கொடுத்திருந்தார். நான் அதை அப்படியே எழுதினேன். இன்ஷூரன்ஸிலிருந்து ஒரு பெண் போன் பண்ணி, இந்த வயதில் கிடார் வாசிப்பது அத்தியாவசியமா என்று கேட்டார். குரலில் கிண்டல் இல்லை. அவருக்கு ஒரு கட்டத்தை டிக் பண்ண வேண்டியிருந்தது, அவ்வளவுதான். மேற்கொண்டு விசிட் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

கேரியிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தவித்தேன். சொன்னபோது அவர் கோபப்படவில்லை. விரல்களை நீட்டிப் பிடித்திருந்த ஸ்ப்ளின்டின் பட்டையை இறுக்கிக்கொண்டார். "சட்டைப் பொத்தான் போடணும்னு எழுதுங்க. பொத்தானைப் போட்டுட்டு வாசிச்சுக்கிறேன்." அப்படியே எழுதினேன். அனுமதி வந்தது.

ஜெயசீலன் அங்கிள்

ஜெயசீலன் அங்கிள் ரிட்டயரான டாக்டர், இலங்கைக்காரர். மடக்கின விரல் நிமிராமல் சிக்கிக்கொள்கிறது என்று வந்தார். எங்கள் சர்ச்சில் எல்லாரும் பயப்படுகிற மனிதர். விரல் இளகுவதற்காக இளஞ்சூட்டில் உருக்கிய மெழுகில் கையை முக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், என் கம்ப்யூட்டரில் மெல்ல ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒரு பழைய ராக் பாட்டுக்கு மெழுகுக்குள்ளேயே விரலை ஆட்டினார். "என்ன அங்கிள், இதெல்லாம் கேப்பீங்களா?" என்றேன்.

கொழும்பில் மெடிக்கல் காலேஜ் படிக்கும்போது நாலு பேர் சேர்ந்து பேண்டு வைத்திருந்தார்களாம்; அங்கிள்தான் கிடார். வானொலியில் ஒருமுறை கேட்ட இங்கிலீஷ் பாட்டை, கேட்டது பாதி கற்பனை பாதியாக, கல்யாண வீடுகளில் வாசிப்பார்களாம். அவருடைய மகனுக்கே இது தெரியாது என்றார். அந்த கிடார் இப்போது எங்கே என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. வெளியே எடுத்த கையில் மெழுகு வெள்ளையாக உறைந்துகொண்டிருந்தது. "கலவரத்துக்குள்ள வீட்டை விட்டு வெளிக்கிடேக்க அம்மா ஆல்பத்தை எடுத்தா, நான் சர்ட்டிபிகேட்டை எடுத்தன். கிடாரை ஒருத்தரும் எடுக்கேல்லை, பிள்ளை."

வேன் மேல் உட்கார்ந்திருந்த ஐந்தாவது பையன்

வால்ட்டுக்கு இரண்டு கட்டைவிரலின் அடி மூட்டும் தேய்ந்து போயிருந்தது. முப்பது வருஷம் வீடு வீடாகத் தபால் போட்டவர். காதும் சரியாகக் கேட்காது, கத்தித்தான் பேச வேண்டும். நாலாவது விசிட்டில், தபாலுக்கு முன்னால் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கத்தினேன். "டிரம்ஸ் வாசிச்சேன்" என்றார். பேண்டின் பேரையும் சொன்னார். ஒரு பழம், ஒரு கிழமை. கேரி காட்டிய போட்டோவில் வேன் மேல் இருந்த ஐந்து பையன்களில் ஒருவர்.

அவருக்கும் கிடார் வாசித்த நண்பனுக்கும் ஒரே மாதத்தில் ராணுவத்தில் சேரச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. வியட்நாம் சண்டை நடந்துகொண்டிருந்த நேரம். நண்பனுக்கு முதுகு சரியில்லை என்று ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்ததில் விலக்குக் கிடைத்துவிட்டது. "அவங்கப்பாவுக்கு டாக்டரைத் தெரியும். எங்கப்பாவுக்கு லாரி ஓட்டத்தான் தெரியும்" என்றார் வால்ட். போய்விட்டுத் திரும்பியவர் ஊர் வந்த வாரமே ரிகர்சல் நடக்கும் ஷெட்டுக்குப் போயிருக்கிறார். கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டு, உள்ளே நுழையாமல் திரும்பி வந்துவிட்டார். "என் இடத்துல வேற ஒருத்தன் உக்காந்திருந்தான். நல்லா வாசிச்சான், அதான் தாங்கல."

கதவு

நோயாளி ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் மூச்சு விடக்கூடாது. சட்டம் அப்படி. மீறினால் லைசென்ஸ் போகும். வீட்டில் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. ஆனால் யாருக்கு எந்த நேரம் கொடுப்பது என்பது என் கையில் இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை கேரிக்கு இரண்டு மணியும் வால்ட்டுக்கு இரண்டே முக்காலும் போட்டேன். ஒருவர் வெளியே போகும்போது இன்னொருவர் உள்ளே வரட்டும் என்று.

கேரி முடித்துக்கொண்டு கிளம்பினார். நான் ஏதோ பேப்பர் எடுக்கிற சாக்கில் ரிசப்ஷன் வரை போனேன். ஒரு கையில் ஸ்ப்ளின்ட், இன்னொரு கையில் பை என்று கதவைத் திறக்கத் தடுமாறினார். அந்தப் பக்கம் வந்த வால்ட், கட்டைவிரல் வலிக்குமே என்று முழங்கையால் கதவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் நேருக்கு நேர் பார்த்தார்கள். இரண்டு வழுக்கைத் தலைகள். கேரி "தேங்க்ஸ், சார்" என்றார். வால்ட்டுக்கு அது கேட்டிருக்காது. தலையை மட்டும் ஆட்டினார். கேரியின் கார் பார்க்கிங்கை விட்டுப் போகும் வரை நான் கண்ணாடிப் பக்கமே நின்றிருந்தேன். உள்ளே வந்து உட்கார்ந்த வால்ட் ஜாக்கெட்டைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "பாவம், அந்தக் கிழவர். அந்தக் கையை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவார்?"

கடைசி விசிட்

மார்ச்சில் வால்ட்டுக்குச் சிகிச்சை முடிந்தது. கடைசி நாளன்று சட்டத்தின் விளிம்பு வரை போய், "பழைய ஃப்ரெண்ட்ஸ் யாரையாவது தேடிப் பாருங்களேன், வால்ட். யாராவது பக்கத்துலேயே இருக்கலாம்" என்று சத்தமாகச் சொன்னேன். இரண்டாவது முறையும் சொன்னேன். வால்ட் முதல் முறையே கேட்டுவிட்டார் என்று அவர் முகத்தில் தெரிந்தது. வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகளின் பேப்பரை நாலாக மடித்தார். "போயிட்டு வந்தவன் நான். தேட வேண்டியவங்க அவங்க."

நினைவுக் கூட்டம்

ஏப்ரல் முடிவில் கேரி வந்தார். இரண்டு பாட்டில் ஒன்றை வாசிக்க முடிந்ததாம். அடுத்ததில் சுண்டு விரல் ஒத்துழைக்காமல் பாதியில் நிறுத்திவிட்டார். வந்திருந்தவர்கள் மரியாதைக்குக் கை தட்டியிருக்கிறார்கள். டிரம்ஸுக்கு யார் என்று கேட்டேன். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பாடுபட்டேன். யாரும் இல்லை, இறந்தவரின் பேரன் மேஜையைத் தட்டினான் என்றார். "எங்க பழைய டிரம்மர் வியட்நாம் போனான். அப்புறம் தகவலே இல்ல. செத்திருப்பான்."

உங்கள் டிரம்மர் போன மாதம் இந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார் என்று சொல்ல வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டு, "தேடினா கிடைக்கலாமே" என்றேன். கேரியின் சுண்டு விரலை நான் மெதுவாக நீட்டிக்கொண்டிருந்தேன். அதை அவர் என் பிடியிலிருந்து இழுத்துக்கொண்டார். "கிடைச்சுட்டா அவன்கிட்ட என்ன சொல்றது? செத்துட்டான்னு நெனைச்சுக்கறதுதான் எனக்கு வசதி, செல்வி."

இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் எனக்கு; மடங்கின விரலை எப்படியாவது நிமிர்த்திவிடுவேன், அதற்கு மேல் என் படிப்பு போகாது.