நாலாவது முக்கோணம்

இசைவாணியும் நானும் திருப்பரங்குன்றம் தாண்டி இருக்குற ஒரு எஞ்சினியரிங் காலேஜுல ஒரே டிபார்ட்மெண்ட்ல லெக்சரருங்க. விளாங்குடியில காலேஜ் பஸ் ஏறுவா, உக்காந்ததும் லேப்டாப்பத் தொறந்துருவா. "ஏடி, கோலமா போடுற?"ன்னு கேலி பண்ணுவேன். முக்கோணத்துக்குள்ள முக்கோணம், அதுக்குள்ள குட்டிக் குட்டி முக்கோணம். தீப்பெட்டி அளவு செம்புத் தகட்டுல அப்படிச் செதுக்குனா அதான் ஆண்டெனா. ஒவ்வொரு சுத்து முக்கோணத்துக்கும் ஒரு பேண்டு, அதாவது ஒரு அலைவரிசை, கூடும். ஒரே தகடு ஜிபிஎஸ்ஸையும் பிடிக்கும், வைஃபையையும் பிடிக்கும், 5ஜியையும் பிடிக்கும். அவ பிஎச்டியே இதுதான்.

அவ வீட்டுக்காரர் சிவக்குமாருக்கு ஓசூர்ல வேலை. மக ரோகிணியும் அங்கதான் ரெண்டாங்கிளாஸ் படிக்கிறா. இவ மட்டும் விளாங்குடியில ஒரு மாடிப் போர்ஷன்ல தனியாக் கிடக்குறா. வேலைய விட்டுட்டுப் போக வேண்டியதுதானே? எங்கிட்டுப் போக! சேரும்போதே ஒரிஜினல் சர்ட்டிபிகேட்ட எல்லாம் காலேஜ் வாங்கி வச்சுக்கிருச்சு. பிஎச்டி முடிச்சாத்தான் கைக்கு வரும். அது முடியணும்னா கைடு கையெழுத்துப் போடணும். அந்த மனுசன் லேசுல போடுவாரா? அவரு பேர்ல வர்ற ஆராய்ச்சிப் பேப்பர எழுதுறது இவ, அவரு பரீட்சைத் தாளத் திருத்துறது இவ. ஒரு பேண்டு முடிச்சப்ப ரெண்டுன்னாரு, ரெண்டு முடிச்சப்ப மூணுன்னாரு. நான் "எதுத்துக் கேளேன்டி"ன்னா, "கேட்டா இன்னும் இழுப்பாருக்கா"ம்பா.

போன மாசம், "மூணும் சேம்பர்ல சரியா வரட்டும், கையெழுத்துப் போட்டுர்றேம்மா"ன்னு அவரே வாயத் தொறந்து சொன்னாரு. சேம்பர்ன்னா ஆண்டெனாவச் சோதிக்கிற இடம், சுவரெல்லாம் கூம்பு கூம்பா நுரைப்பஞ்சு ஒட்டுன இரும்பு ரூம். வெளிய இருக்குற எந்தச் சிக்னலும் உள்ள வராது. வேற ஒரு காலேஜுல கெஞ்சிக் கூத்தாடி ஒரு நாள் வாங்குனா. துணைக்கு நான் போனேன்.

தகட்ட மாட்டும்போது கதவ ஒருதரம் சாத்திப் பாத்தோம். போன்ல சிக்னல் ஒரு கோடுகூட இல்ல. இசைவாணி நல்லா மூச்ச இழுத்து விட்டு, "அக்கா, இங்க யாரும் என்னயக் கூப்பிட முடியாதுல்ல"ன்னா. எனக்குப் பாவமா இருந்துச்சு.

வெளிய வந்து கம்ப்யூட்டரப் பாத்தா, அவ கணக்குப் போட்ட அதே மூணு இடத்துல கோடு பள்ளமா இறங்கியிருக்கு, மூணு பேண்டும் சரியா வந்துருச்சு! அழுதுட்டா. ஓசூருக்குப் போனப் போட்டு, "ரோகிணி, அம்மா வாரேன்டி"ன்னா. அப்பறம் படத்தக் கைடுக்கு அனுப்புனா. உடனே அவரு கூப்பிட்டாரு. எனக்கும் கேக்கட்டும்னு ஸ்பீக்கர்ல போட்டா.

"பிரமாதம்மா! ஆனா உன் பேப்பர்ல கடைசியா என்ன எழுதியிருக்க? நாலாவது சுத்து முக்கோணம் செதுக்குனா இன்னொரு பேண்டு கிடைக்கும், அது எதிர்கால ஆய்வுன்னு நீயே சொல்லிட்ட. அத வேற எவனாச்சும் செஞ்சுட்டா? ஒரு வருசம்தாம்மா, முடிச்சுரு."

அட, எதிர்கால ஆய்வுன்னு ஒரு பத்தி நாங்க எல்லாருமே எழுதுறதுதாங்க! அத எழுதாட்டி பேப்பர எடுத்துக்க மாட்டாங்க. எழுதுனவளே செய்யணும்னு யாராவது பிடிச்சு வைப்பாங்களா?

"சரி சார்"ன்னா இசைவாணி. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல. போன என் கையில குடுத்துட்டு, சேம்பருக்குள்ள போயி கதவச் சாத்திக்கிட்டா.

திரும்பப் போன் அடிச்சுச்சு. ஓசூர். எடுத்து ஹலோன்னேன். ரோகிணி.

"பெரியம்மா, அம்மா எந்த பஸ்ல வாராங்க? நானும் அப்பாவும் பஸ் ஸ்டாண்டுல வந்து நிக்கிறோம்."

"இரும்மா, கேட்டுச் சொல்றேன்"னு கதவத் தட்டுனேன். உள்ள கேட்டுச்சோ என்னமோ, அவ தொறக்கல.