தாலி தட்டில் இருக்கும்போதே முழங்கிய கெட்டிமேளம்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

கள்ளக்குறிச்சியில் ஸ்டூடியோ வைத்துத் திருமணங்களைப் படமெடுத்து வாழ்பவன் நான். இத்தொழிலில் புதிதாக இறங்குவோர் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி, பழைய கேமராவை எப்போது மாற்றுவது என்பதே. அதற்கான விடையை நான் வடக்கனந்தலில், ஒரு பந்தலே பார்த்திருக்கக் கற்றுக்கொண்டேன்.

1. மலைமேல் கண்ட அறிகுறி

என் கேமராவுக்கு வயதாகியிருந்தது. பட்டனை அழுத்தினால் உள்ளிருக்கும் மிரர் மேலே எழும். சில வேளைகளில் எழுந்தது இறங்காது. கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இருண்டுவிடும். இந்நோய்க்கு நானே ஒரு சிகிச்சை கண்டிருந்தேன். கேமராவை இடக்கையில் பிடித்து, வலக்கையை ஓங்கி, அதன் அடிப்பாகத்தில் உள்ளங்கையால் ஓர் அறை. மிரர் இறங்கிவிடும். இதனை நான் பழுதென்று கருதவில்லை. எனக்கு மட்டுமே கைவந்த வித்தையென்று கருதினேன்.

வடக்கனந்தல் மணப்பெண் மலர்விழியையும் மாப்பிள்ளையையும் திருமணத்துக்கு முன்னரே படமெடுக்கக் கல்வராயன் மலைக்கு அழைத்துச் சென்றேன். பனிமூட்டம் கலைந்து வெயில் விழுந்த அருமையான தருணத்தில் மிரர் சிக்கிக்கொண்டது. அறைமேல் அறை தேவைப்பட்டது.

"சார், இன்னும் சிரிச்சிக்கினே இருக்கணுமா? தாடை வலிக்குது," என்றார் மாப்பிள்ளை.

"அசையாதீங்க தம்பி, இதோ ஆச்சு."

"அது இன்னா தப்பு பண்ணிச்சி சார், இந்த அடி அடிக்கிறீங்க?" என்றார் மலர்விழி.

வீடு திரும்பியதும் என் மனைவி, "புது கேமரா பாடி ஒண்ணு வாங்குங்களேன். கல்யாண வூட்ல போய் மாட்டிக்கப் போறீங்க," என்றாள். படத்தின் தரம் இம்மியும் குறையவில்லை என்று விடையளித்தேன். அது உண்மையும்கூட. தரம் குறைந்தால் மாற்றலாம் என்பதே அதுவரை என் விதி.

2. உயர்ந்த கை

மலர்விழியின் தந்தையார் கரும்பு பயிரிடுபவர். அவருக்கு ஒரே மகள். அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"வீடியோ கீடியோ வேணாங்க. தாலி கட்ற போட்டோ மட்டும் தவறக்கூடாது. எங்க கல்யாணத்துல அதாங்க தவறிப்போச்சி. இன்னி வரிக்கும் வூட்ல சொல்லிக் காட்டிக்கினு இருக்கா."

எங்கள் பக்கத்தில் தாலியைத் தேங்காய்மேல் சாற்றி, தட்டோடு பந்தலெங்கும் கொண்டு செல்வர். வந்திருப்போர் தொட்டு வணங்கி, அட்சதை எடுத்துக்கொள்வர். தட்டு மேடைக்குத் திரும்பியபின் ஐயர் கையை உயர்த்துவார். இரைச்சலில் வாய்ச்சொல் எட்டாதாகையால், மேளக்காரர்களுக்கு அந்தக் கைதான் சைகை.

திருமணத்தன்று பெண்ணின் அத்தையார் தட்டுடன் கடைசி வரிசையில் இருந்தார். நான் மேடையில் ஐயருக்கு அருகே நின்று ஒரு சோதனைப் படம் எடுத்தேன். வியூஃபைண்டர் இருண்டது. முகூர்த்தமோ நெருங்கிவிட்டது. பதற்றத்தில், வலக்கையை வழக்கத்தைவிட உயரமாக ஓங்கினேன்.

கெட்டிமேளம் முழங்கிற்று.

பந்தலே எழுந்து அட்சதையை வீசிற்று. மாப்பிள்ளை வெறுங்கையோடு விழித்தார். கடைசி வரிசையிலிருந்து அத்தையார் கத்தினார்: "தாலி இங்க கீதுடா பாவிங்களா! யார்ரா மேளம் அடிக்கச் சொன்னது?"

தவில்காரர் குச்சியால் என்னைச் சுட்டினார். "போட்டோகாரர் தாங்க கைய தூக்கினாரு!"

"முகூர்த்தம் போயிண்டிருக்கு, தட்டைக் கொண்டாங்கோ!" என்று ஐயர் அலறினார். அத்தையார் தட்டைத் தலைக்குமேல் தூக்கியபடி ஓடிவந்தார். அட்சதை ஒருவர் கையிலும் மிச்சமில்லை. முன்வரிசைப் பெண்கள் ஒருவர் தலையிலிருந்து மற்றவர் பொறுக்கிக்கொண்டனர்.

"மாமா, என் போன்ல எடுத்துடட்டுமா?" என்று எவரோ கேட்க, தந்தையார் என்னைப் பார்த்தார். "சார், வந்துடுமா?"

கையை இடுப்புக்குமேல் உயர்த்தாமல், ஒளிவாக ஓர் அறை விட்டேன். மிரர் இறங்கிற்று. ஐயர் கை உயர்த்தினார். மேளம் முழங்கவில்லை, தவில்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்களும் ஒரு வார்த்த சொல்லிடுங்க சார். அப்பறம் எங்க மேல பழி வரக்கூடாது."

தலையசைத்தேன். தாலி ஏறிற்று. படமும் பதிந்தது.

3. படத்தில் இருந்தது

படம் மிகத் தெளிவு. மாப்பிள்ளையின் விரல்கள் முடிச்சில் இருந்தன. கண்கள் என் கேமராவில். தலைகுனிய வேண்டிய மலர்விழி கழுத்தைத் திருப்பிக் கேமராவைப் பார்த்தார். ஐயரும் அவ்வாறே. தந்தையார் கேமராவை நோக்கிக் கைகூப்பியிருந்தார். தாலியைப் பார்த்தவர் ஒருவருமில்லை.

தந்தையார் அதை நெடுநேரம் பார்த்தார். "போட்டோ வந்துட்டுச்சி சார். கல்யாணம் எங்க பொண்ணுக்கா, உங்க கேமராவுக்கா?"

மலர்விழி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இதையே பெரிசா போட்டுக் குடுங்க சார். ஆஸ்பத்திரியில நோயாளிய சுத்தி நின்னுக்கினு இருக்கறா மாதிரியே கீது," என்றார்.

அந்த வாரமே புதிய பாடி வாங்கினேன். லென்சுகள் பழையனவே பொருந்தின. புதிய மாடல் சந்தைக்கு வந்துவிட்டதென்பதற்காகக் கேமராவை மாற்ற வேண்டியதில்லை. படம் கெடும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. மணமக்கள்மேல் இருக்க வேண்டிய கண்கள் உங்கள் கருவியின்மேல் திரும்புமாயின், அதன் காலம் முடிந்தது. அதன் கோளாறுக்கு நீங்கள் கண்டுபிடித்த வைத்தியத்தைப் பற்றி உங்களுக்கே பெருமை உண்டாகுமாயின், அன்றே மாற்றிவிடுதல் இன்னும் உத்தமம்.

இக்குறிப்பைத் தங்கள் கேமராப் பையிலேயே மடித்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.