தூங்க வைக்கும் வகுப்புத் தலைவி

நாம் தின் என்ற நகரத்துப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்புத் தலைவி குவே. மதியச் சாப்பாடு முடிந்ததும் மேசைகளைச் சேர்த்துப் போட்டு, பாய் விரித்து, எல்லோரையும் தூங்க வைப்பது அவள் பொறுப்பு. தூங்கி எழுந்தால்தான் படிப்பு ஏறும் என்பது ஹாவ் டீச்சரின் நம்பிக்கை.

அவள் வகுப்புத் தோழி நியேனுக்கு மட்டும் தூக்கம் வராது. போர்வைக்குள் கணக்குப் புத்தகம் இருக்கும்.

"சாயங்காலம் எங்க கடையில ஒரே கூட்டம்டீ. நூடுல்ஸ் கிண்ணம் கழுவவே நேரம் சரியாப் போகுது. இப்ப விட்டா எப்பப் படிக்கிறது?"

"சட்டம்னா சட்டம். கண்ண மூடு," என்று புத்தகத்தைப் பிடுங்கிக்கொள்வாள் குவே.

பிறகு டீச்சர் மேசையில் உட்கார்ந்து தன் புத்தகத்தைத் திறப்பாள். காவல் காப்பவள் தூங்கக் கூடாதல்லவா? போன ஆண்டு வரை முதலிடத்துக்கு அவளோடு முட்டி மோதியவள் நியேன். அந்த நினைப்பு வரும்போதெல்லாம் குவேயின் படிப்பு இன்னும் வேகமாக ஓடும்.

அரையாண்டுத் தேர்வு முடிந்து பெற்றோர் கூட்டம். தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த குவேயை டீச்சர் முன்னால் நிறுத்தினார்.

"இவதான் முதல் மாணவி. ஒழுங்கான பொண்ணு, ஒழுங்கான தூக்கம். நியேன் பதினொண்ணாவது இடத்துக்குப் போயிட்டா. நிலைகொள்ளாத சுபாவம். படுத்தாலும் புரண்டுகிட்டே இருக்கா."

நியேனின் அம்மா எழுந்தார். "அப்ப அவளுக்குப் பத்தாம் வகுப்பு நுழைவுத் தேர்வே வேணாம் டீச்சர். கடையிலயே இருக்கட்டும்." குவேயின் பக்கம் திரும்பினார். "நீதான் தினமும் அவளைத் தூங்க வைக்கிறியாமே, கண்ணு? நீயாவது அக்கறையாப் பாத்துக்கிட்ட. நல்லா இரும்மா."

குவேயின் காது மடல் எரிந்தது. தேநீர் கிண்ணத்துக்கு வெளியே வழிந்தது.

"நான் தூங்கினதே இல்ல டீச்சர். அவ புத்தகத்தப் பிடுங்கி வெச்சிட்டு நான் படிச்சேன்."

"டீச்சர் சொல்லித்தானேம்மா பிடுங்கின?" என்று தாங்கிப் பேசினார் குவேயின் அப்பா.

"இல்லப்பா. அவ என்னை முந்திடக் கூடாதுன்னு."

அப்பா குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். நியேனின் அம்மா உட்கார்ந்துவிட்டார். தேர்வு வேண்டாம் என்ற பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

மறுநாள் மதியம் டீச்சர் தன் மேசையை நியேனுக்குக் கொடுத்தார். குவே பாயில் படுத்தாள். நியேனிடமிருந்து ஒரு திட்டாவது கிடைக்காதா என்று தலையைத் தூக்கினாள்.

"சட்டம்னா சட்டம்," என்றாள் நியேன், புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "கண்ண மூடு."

சுற்றியிருந்த பாய்களில் சிரிப்புக் கிளம்பியது. குவே போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டாள். தூக்கம் வரவில்லை. நியேனின் புத்தகப் பக்கம் புரளும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.